டாக்லிட் பயணம்: கோடை முகாம் தலைவருக்கு எது தேறும், எது தேறாது

வட அமெரிக்காவின் யூதக் கோடை முகாம்களில் பிள்ளைகளைக் கட்டி மேய்த்துப் பழகிய இளைஞர்களில் பலர் இஸ்ரேலை முதலில் பார்ப்பது டாக்லிட் வழியாகத்தான். பர்த்ரைட் இஸ்ரேல் என்ற பெயரில் 1999-ன் கடைசியில் பயணங்களைத் தொடங்கிய திட்டம் இது. 18 முதல் 26 வயதுக்குள் இருக்கும் யூத இளைஞர்களுக்கு விமானம், தங்குமிடம், பேருந்து, வழிகாட்டி, பெரும்பாலான சாப்பாடு எல்லாம் இலவசம். வழக்கமான பயணம் 10 நாள். ஒரு பேருந்துக்கு ஏறத்தாழ 40 பேர். அந்தப் பேருந்தின் பொறுப்பாளராகப் போகும் முகாம் தலைவருக்கு இந்தச் சேவை எப்படி என்பதுதான் இங்கே கேள்வி. தனியாகச் சுற்றிப் பார்க்கப் போகிறவர் போடும் கணக்கு வேறு.

ஏற்பாடு கெட்டி, வேகம்தான் தாங்காது. உரிமம் பெற்ற வழிகாட்டி, ஓட்டுநர், முதலுதவி தெரிந்த ஆயுதக் காவலர் என மூன்று பேர் கூடவே வருகிறார்கள். பாதைக்குப் பாதுகாப்பு மையத்தின் அனுமதி வேண்டும் என்பதால், "இன்னும் ஒரு இடம் பார்த்துவிட்டுப் போகலாமே" என்று பொறுப்பாளர் நினைத்த மாத்திரத்தில் வண்டியைத் திருப்ப முடியாது. அவர் கையில் இருப்பது தலை எண்ணுவது, தூக்கம், தண்ணீர், மனநிலை. தலை எண்ண முகாம் முறையே போதும்: ஆளுக்கொரு எண், வரிசையாகக் குரல் கொடுக்க வேண்டும். நடுவில் இஸ்ரேலிய இளைஞர்கள் வந்து சேரும் நாளில் எண்களைப் புதிதாகக் கொடுத்துவிடுங்கள். பழைய எண்ணிக்கையிலேயே ஓட்டினால் யாரையாவது பெட்ரோல் நிலையத்தில் விட்டுவிட்டுக் கிளம்ப நேரிடும்.

திட்டத்தின் உச்சம் மசாடா என்ற பாலைவன மலைக்கோட்டையும் சாக்கடலும் சேர்ந்த நாள். சொதப்புவதற்கு அதிக வாய்ப்பு இருப்பதும் அதே நாள்தான். பல குழுக்கள் முந்தின இரவு அராத் என்ற ஊர்ப் பக்கம், பாலைவன நாடோடிகளான பெடோயின்களின் கூடாரத்தில் தங்குகின்றன. நள்ளிரவு தாண்டியும் பாட்டும் கதையும் ஓயாது. மலை மேலிருந்து சூரிய உதயம் பார்க்க மூன்றரை, நாலு மணிக்கே எழுப்ப வேண்டும். கோடையில் ஐந்தரை மணிவாக்கில் விடிந்துவிடும். மசாடாவுக்கு மேற்கில் ரோமானியர் கட்டிய சரிவுப்பாதை உண்டு, ஏற 15 முதல் 20 நிமிடம். கிழக்கில் பாம்புப் பாதை: ஏறத்தாழ 2 கிலோமீட்டர், 300 மீட்டருக்கு மேல் ஏற்றம், 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். இரண்டு பக்கத்தையும் இணைக்க மலையடியில் வண்டிப் பாதை கிடையாது. மேற்கில் ஏறிக் கிழக்கில் இறங்குவதாக இருந்தால், காலிப் பேருந்து அராத் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து கீழே காத்திருக்கும். அதனால் மேலே தேவைப்படும் தண்ணீர், தொப்பி, மருந்து எல்லாம் ஏறும்போதே தோளில் இருக்க வேண்டும். "வண்டியில் இருக்கிறது" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். கேபிள் கார் காலை 8 மணிவாக்கில்தான் ஓடத் தொடங்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் யார் என்பதை முந்தின நாளே கேட்டு, அவர்களுக்குச் சீட்டு உண்டா என்று வழிகாட்டியிடம் பேசிவையுங்கள். வெப்பம் கடுமையாகும் நாள்களில் பாம்புப் பாதையைக் காலையிலேயே மூடிவிடுவார்கள், ஆகவே மேலே புகைப்படத்துக்கு மணிக்கணக்கில் நின்றால் இறங்கும் திட்டமே கெடும். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் என்பது அலங்காரப் பேச்சு இல்லை. மயங்கி விழுபவர்கள் பெரும்பாலும் முந்தின இரவு குடித்துவிட்டுத் தூங்காதவர்கள்.

அங்கிருந்து சாக்கடல். எய்ன் கெடியின் பழைய பொதுக் கடற்கரையை, நிலத்தில் திடீர்க் குழிகள் விழுவதால் மூடிவிட்டார்கள். குழுக்கள் இப்போது அதிகம் போவது எய்ன் போகெக் கடற்கரைக்கு. அங்கே மிதப்பது உண்மையில் தெற்குப் பக்கத்து ஆவியாக்கும் குளத்தில். தாது எடுக்கும் தொழிற்சாலைக்காக வடக்கிலிருந்து நீரை இறைத்து நிரப்புகிறார்கள், வடக்கிலோ ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் மட்டம் இறங்குகிறது. இதை எல்லா வழிகாட்டிகளும் சொல்வதில்லை, கேட்டால் சொல்வார்கள். நீரில் உப்பு ஏறத்தாழ 34 சதவீதம், ஆகவே இரண்டு நாள் முன்பிருந்தே சவரம் வேண்டாம், இல்லையென்றால் எரிச்சல் உயிரை வாங்கும். வெள்ளி நகைகளைக் கழற்றுங்கள், கறுத்துவிடும். காலில் செருப்பு அவசியம். குப்புறப் படுக்கக் கூடாது. எழும்போது முழங்காலை மார்புக்கு இழுத்துக்கொண்டு உட்கார்ந்து, பிறகு பாதத்தை ஊன்ற வேண்டும். ஒரு மடக்கு விழுங்கினாலும் மருத்துவ உதவி தேவைப்படலாம். கரையில் ஒருவர் நல்ல தண்ணீர் புட்டியோடு நின்றால் கண்ணில் பட்டதை உடனே கழுவலாம். உள்ளே 15 நிமிடம் போதும். தண்ணீர் தெளித்து விளையாடும் முகாம் வழக்கம் அன்றைக்கு வேண்டவே வேண்டாம்.

எருசலேமில் வெள்ளிக்கிழமையைக் கவனியுங்கள். மஹனே யெஹூதா சந்தை அன்று நண்பகலுக்கு முன்பே நிரம்பி வழிந்து, மாலைக்கு முன் அடங்கிவிடும். வியாழன் மாலையே போவது மேல். வெள்ளி மாலை ஷப்பாத் (யூதர்களின் வார ஓய்வு நாள்) தொடங்கியதும் பொதுப் பேருந்தும் இலகு ரயிலும் நின்றுவிடும், குழுவின் பேருந்துக்கும் ஓய்வு. யூதர்கள் தொழும் புனித இடமான மேற்குச் சுவருக்கு நடந்தே போய் வர வேண்டும் என்பதால் ஓட்டலிலிருந்து எவ்வளவு தூரம் என்று முதலிலேயே பாருங்கள். சுவருக்கு முன் ஆண், பெண் பகுதிகள் தனித்தனி. அன்று அங்கே கைபேசியும் புகைப்படமும் கூடாது. கூட்டத்தில் பிரிந்தவரை அழைத்துத் தேட வழியில்லை, சந்திக்கும் இடத்தை முன்கூட்டியே காலால் போய்க் காட்டிவிடுங்கள்.

நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையின் நினைவகமான யாத் வஷேமுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, முன்பதிவு உண்டு, சனிக்கிழமை விடுமுறை. வரலாற்று அருங்காட்சியகத்துக்கு மட்டும் இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். பக்கத்திலேயே ஹெர்ஸல் மலை ராணுவக் கல்லறை. இரண்டையும் ஒரே நாளில் வைத்துவிட்டு இரவு மதுக்கடைக்கு அழைத்துப் போகும் அட்டவணைகள் உண்டு. அது மோசமான வடிவமைப்பு. அந்த இரவை முகாமில் போல வட்டமாக உட்கார்ந்து பேச விட்டுவிடுவதில்தான் முகாம் தலைவரின் கைத்திறன் தெரியும். யாரையும் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

கூட வரும் இஸ்ரேலிய இளைஞர்கள், அவர்களில் பலர் படைவீரர்கள், இந்தச் சேவையின் உண்மையான பலம். பேருந்தில் பக்கத்து இருக்கையில் நடக்கும் பேச்சு எந்த உரையையும் விஞ்சும். குறை என்று பார்த்தால், பாலஸ்தீனர்களின் குரல் அட்டவணையில் மிகக் குறைவு. 2018-ல் சில பயணிகள் இதைச் சொல்லியே குழுவிலிருந்து வெளியேறினார்கள். பாலஸ்தீனர்கள் வாழும் மேற்குக் கரை பற்றிய கேள்வி வரும். தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசினால் குழுவின் நம்பிக்கை போய்விடும்.

காகித வேலை: விசா விலக்கு உள்ள நாட்டினருக்கு 2025 ஜனவரி 1 முதல் இணைய முன்னனுமதி கட்டாயம், கட்டணம் 25 ஷெக்கல். அரசுத் தளத்தில் மட்டும் செய்யுங்கள், தரகுத் தளங்கள் கூடுதலாகப் பிடுங்கும். பெற்றோரில் ஒருவர் இஸ்ரேலியர் என்றால் பயணியும் குடிமகனாகக் கருதப்படலாம், ஆகவே தூதரகத்தில் முன்பே விசாரியுங்கள். 2025 ஜூனில் ஈரானுடன் போர் மூண்டு வான்வழி மூடியபோது சுமார் 1,500 பயணிகளைக் கப்பலில் சைப்ரஸுக்குக் கொண்டுபோனார்கள். மருந்தை இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துவரச் சொல்வதன் காரணம் இதுவே.

திரும்பும் சீட்டைத் தள்ளிப்போட விரும்புகிறவர்கள் பதிவின்போதே கேட்டுவிடட்டும். பயண நாள்களில் குழுவை விட்டுப் போக அனுமதி இல்லாததால், மேற்குக் கரையிலுள்ள பெத்லகேம் போன்ற இடங்களைப் பார்க்க அந்த நீட்டிப்புதான் வழி. அப்போது பாஸ்போர்ட்டோடு விமான நிலையத்தில் கொடுத்த நுழைவுச் சீட்டும் பையில் இருக்கட்டும், திரும்பும்போது சோதனைச் சாவடியில் கேட்கலாம்.