எஸ்க்யூலைட்: ஆறு வருடம் கூட வைத்துக்கொண்ட பிறகு

சரக்கு இருப்புக் கணக்குக்காக நான் எழுதிய மென்பொருள் ஒன்றில் டேட்டாபேஸுக்குத் தனி சர்வர் இருந்தது. அதற்கு ஒரு நகல் சர்வர், நடுவில் இணைப்புகளைப் பங்கிட்டுத் தர ஒரு கருவி, எல்லாம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இன்னொன்று. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால், பத்தில் ஒன்பது தடவை நடுவில் இருந்த கருவிதான் காரணம். ஒருநாள் உட்கார்ந்து அளந்து பார்த்தேன். மொத்தத் தரவு 340 எம்பி. உச்ச நேரத்தில்கூட நொடிக்கு மூன்று தடவைதான் டேட்டாபேஸில் எழுதியது. எலி வேட்டைக்குத் தவில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வடிவமைத்தது நானே என்பதால் யாரையும் திட்டவும் வழியில்லை.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எஸ்க்யூலைட் (SQLite) என்ற சின்ன டேட்டாபேஸுக்கு மாறினேன். டேட்டாபேஸ் முழுக்க ஒரே ஃபைல், தனி சர்வர் கிடையாது. நம் புரோகிராமுக்குள்ளேயே ஒரு நூலகமாக (சேர்த்துக்கொள்ளும் ஆயத்த புரோகிராம் தொகுப்பாக) ஓடும். இதை எழுதிய ரிச்சர்ட் ஹிப், இதைத் தொடங்கிய சமயத்தில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான சேதக் கட்டுப்பாட்டு மென்பொருளில் வேலை பார்த்தார். கப்பலில் குழாய் வெடித்து, எந்த வால்வை மூடுவது என்று தேடுகிறவனுக்கு, டேட்டாபேஸ் சர்வர் கிடைக்கவில்லை என்று திரை சொன்னால் என்ன பிரயோஜனம்? சர்வரே வேண்டாம் என்ற யோசனை அங்கிருந்து வந்ததுதான். முதல் பதிப்பு 2000இல் வந்தது. எனக்கு அடித்த அலாரமும் அந்தக் கப்பலுக்கு அடித்த அலாரமும் ஒரே ஜாதி என்று பிறகுதான் புரிந்தது.

நம்பகத்தன்மையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நூலகத்தின் புரோகிராம் வரிகளைப் போல ஏறக்குறைய 590 மடங்கு வரிகள், அதைச் சோதிப்பதற்கென்றே எழுதி வைத்திருக்கிறார்கள். மெமரி தீர்ந்துபோனால், எழுதும்போதே கரண்ட் போனால் என்றெல்லாம் செயற்கையாக உண்டாக்கிச் சோதிக்கிறார்கள். அதைப் படித்த வாரம் என் டெஸ்ட் ஃபோல்டரைத் திறந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது.

குறை இருப்பது இயல்பாக வரும் அமைப்புகளில். ஃபாரின் கீ சோதனை (ஒரு டேபிள் சுட்டும் பதிவு இன்னொரு டேபிளில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்ப்பது) அணைந்த நிலையிலேயே வரும். ஒவ்வொரு இணைப்பிலும் நாமே போட வேண்டும். இன்னொருவர் எழுதிக்கொண்டிருந்தால் காத்திருக்கும் நேரம் பூஜ்யம். நாம் மாற்றாவிட்டால் 'டேட்டாபேஸ் பூட்டியிருக்கிறது' என்று உடனே பிழை. இதைவிட மோசம், முழு எண் என்று அறிவித்த நெடுவரிசையில் எழுத்தைப் போட்டாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். எங்கள் 'எண்ணிக்கை' நெடுவரிசையில் யாரோ 'தெரியாது' என்று தட்டியிருந்தார்கள். கூட்டும்போது அது பூஜ்யமாகச் சேர்ந்துகொண்டது, சத்தமே இல்லை. நான்கு மாத அறிக்கை தப்பாகப் போனது. 2021இல் வந்த 3.37 பதிப்பிலிருந்து டேபிளைக் கண்டிப்பானதாக அறிவிக்கலாம். அறிவிக்க வேண்டியது நாம்தான், பழைய புரோகிராம்கள் உடையக்கூடாதாம். நியாயம்தான், ஆனால் புதிதாக வருகிறவன் தலையில்தானே விடிகிறது!

பேக்கப்பில் நான் பட்ட அடியையும் சொல்ல வேண்டும். மாற்றங்களை முதலில் தனி லாக் ஃபைலில் எழுதும் டபிள்யூஏஎல் முறையை (2010இல் வந்தது) போட்டிருந்தேன். படிப்பவர்களும் எழுதுபவரும் ஒருவரையொருவர் தடுக்காமல் இருக்க அது அவசியம். ஆனால் ராத்திரி பேக்கப் ஸ்கிரிப்ட் முதன்மை ஃபைலை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டிருந்தது. கடைசியாகச் சேர்ந்த பதிவுகள் இன்னும் பக்கத்து லாக் ஃபைலில். மீட்டுப் பார்த்த அன்று சாயங்கால வரவு முழுக்கக் காணோம். ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள், நான் படிக்கவில்லை. இப்போது லாக்கில் இருப்பதையும் சேர்த்து முழு நகலாகத் தரும் 'வேக்யூம் இன்டூ' கட்டளையால் நகல் எடுக்கிறேன்; வாரம் ஒருமுறை அந்த நகலைத் திறந்து எண்ணியும் பார்க்கிறேன்.

இடையில் ஒரு வேடிக்கை. இதன் தற்காலிக ஃபைல்களின் பெயர் 'எடில்க்ஸ்' என்று தொடங்கும், அதாவது sqlite என்ற ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டது (etilqs). ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருள் உள்ளே இதைப் பயன்படுத்தியதால், முன்பு கம்ப்யூட்டரில் 'எஸ்க்யூலைட்' என்று தொடங்கிய ஃபைல்களைப் பார்த்த ஜனங்கள் தேடிப் பிடித்து இவர்களுக்கு போன் போட்டுத் திட்டினார்களாம். பெயரைத் திருப்பியது அதற்காக.

எல்லாவற்றுக்கும் இது ஆகாது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். டபிள்யூஏஎல் முறை நெட்வொர்க் டிரைவில் வேலை செய்யாது. போன வருடம் நான்கு மெஷின்கள் ஒரே தரவில் எழுத வேண்டிய வேலை ஒன்று வந்தது. அதையும் இதிலேயே செய்துவிடலாம் என்று இரண்டு நாள் பிடிவாதம் பிடித்தேன். அப்புறம் தனி சர்வராக ஓடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைப் போட்டேன், அன்றைக்கே முடிந்தது. இருப்புக் கணக்கு மட்டும் இன்னும் அதே ஒற்றை ஃபைலில் ஓடுகிறது, 610 எம்பி ஆகியிருக்கிறது.