முயலைப் பட்டினி போடச் சொல்கிறார்களா? உடனே வேறு மருத்துவரைப் பாருங்கள்

முயல் வளர்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "எல்லா வளர்ப்புப் பிராணிகளுக்கும் வைத்தியம்" என்ற பலகையை நம்பி நாங்கள் ஒரு கிளினிக்குக்குப் போனோம். அங்கே கொடுத்த மருந்தும் சொன்ன யோசனையும் எங்கள் சிண்டுவைக் கிட்டத்தட்டக் கொன்றே விட்டன.

இரவு வைத்த கீரையை அவன் தொடவே இல்லை. காலையில் கூண்டில் புழுக்கை மிகக் குறைவு. இருந்ததும் பொடிப்பொடியாக, முடியில் கோத்த மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. மூலையில் முதுகைக் குனித்து உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தான். தடவிக்கொடுக்கும்போது முயல் மெதுவாகப் பல்லை உரசுவது சுகத்தில். இப்படி வெளியே கேட்கும்படி கடித்தால் அது வலி.

கிளினிக்கில் அவனைத் தூக்கிப் பார்த்தார்கள், எடை போட்டார்கள். அவ்வளவுதான். வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை, காய்ச்சல் பார்க்கவில்லை, வாயைத் திறந்து பார்க்கவில்லை. "செரிமானக் கோளாறுதான். ஒரு நாள் முழுக்க எதுவும் கொடுக்காதீங்க, வயிறு காலியாகட்டும்" என்றார் மருத்துவர். காலையும் மாலையும் வாயில் விடச் சொல்லி ஒரு சின்ன பாட்டில் கொடுத்தார்கள். அதன் மேல் மருந்தின் பெயரே இல்லை. "வயிற்று மருந்து" என்று பேனாவால் எழுதியிருந்தது. என்ன மருந்து என்று கேட்டதற்கு, "எல்லாத்துக்கும் கொடுக்கிறதுதான்" என்று பதில் வந்தது.

மறுநாள் அவன் தலையைத் தூக்கவே இல்லை. காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது. விசாரித்து, முயல்களைத் தொடர்ந்து பார்க்கும் இன்னொரு மருத்துவரிடம் ஓடினோம். அவர் முதலில் வெப்பநிலை பார்த்தார். முயலுக்கு 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும்; சிண்டுவுக்கு அதைவிட நன்றாகக் குறைந்திருந்தது. அப்புறம் பாட்டிலைக் கேட்டார். பழைய கிளினிக்குக்கு அவரே போன் போட்டு விடாப்பிடியாகக் கேட்ட பிறகுதான் பெயர் வெளியே வந்தது: அமாக்சிசிலின்.

அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. பெனிசிலின் குடும்பத்து மருந்துகளான அமாக்சிசிலின், ஆம்பிசிலின், அவற்றோடு கிளிண்டாமைசின், லின்கோமைசின் எதையும் முயலுக்கு வாய் வழியாகக் கொடுக்கவே கூடாது. முயலின் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் சீக்கம் என்றொரு பெரிய பை இருக்கிறது. அதில் வாழும் நல்ல கிருமிகள்தான் நார்ச்சத்தை நொதிக்க வைத்து உடம்புக்குச் சத்தாக மாற்றுகின்றன. இந்த மருந்துகள் அவற்றை அழித்துவிட்டால் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் பெருகி நஞ்சைக் கக்கும். அதன் பிறகு வரும் வயிற்றுப்போக்கில் பிழைப்பது கடினம். பெனிசிலினை ஊசியாகப் போடுவது வேறு விஷயம், சில நோய்களுக்கு மருத்துவர்களே போடுவார்கள். ஆனால் சிண்டுவுக்கு ஆன்டிபயாடிக்கே தேவைப்படவில்லை.

பட்டினி போடச் சொன்னதும் அதே அளவு ஆபத்து. நாய்க்கும் பூனைக்கும் வாந்தி என்றால் சற்று நேரம் சோறு நிறுத்துவார்கள். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. நார்ச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் அதன் குடல் நகரும். நிறுத்தினால் குடல் இன்னும் மந்தமாகும், வாயு சேரும், வலிக்கும். வலித்தால் அது இன்னும் சாப்பிடாது. கூடவே உடம்பின் கொழுப்பு கரைந்து போய் ஈரலில் சேரத் தொடங்கும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாத முயலை அவசர நோயாளியாகத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது மருத்துவர் அவனை முதலில் சூடுபடுத்தினார். எக்ஸ்ரே எடுத்து, குடலில் அடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே மற்றதைத் தொடங்கினார். அடைப்பு இருந்தால் குடலைத் தூண்டும் மருந்தும் வற்புறுத்தி ஊட்டுவதும் நிலைமையை மோசமாக்கும். வயிறு உப்பிக் கல்லாக இருக்கும் முயலுக்கு வீட்டில் எதையும் ஊட்டாதீர்கள் என்று அவர் அழுத்திச் சொன்னார். அடைப்பு இல்லை என்று தெரிந்ததும் தோலுக்கடியில் சலைன், வலிக்கு மெலாக்சிகாம். பிறகு வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல் ஒன்று கூராக வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது. முயலின் பல் ஆயுள் முழுக்க வளரும். அவன் சாப்பிடாததற்குக் காரணமே அதுதான். முதல் இடத்தில் வாயைத் திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இதை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது.

வீட்டில் முயலுக்கென்று விற்கும் நார்த்தூளைத் தண்ணீரில் குழைத்து, சிரிஞ்சால் வாயின் ஓரமாக ஒரு மில்லி, ஒரு மில்லியாக, அவன் மென்று விழுங்கும்வரை காத்திருந்து கொடுத்தோம். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். காய்ந்த புல்லும் தண்ணீரும் எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருந்தன. புழுக்கை மறுபடி உருண்டையாக விழத் தொடங்கியபோதுதான் நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம். கொஞ்சம் தேறியதும் மயக்க மருந்து கொடுத்து அந்தப் பல்லைத் தேய்த்துவிட்டார். அதற்கு முன்னாலும் அவனைப் பட்டினி போடவில்லை.

முதல் கிளினிக்கில் போய்க் கேட்டோம். "நாய்க்குக் கொடுக்கிறதுதான், அளவைக் குறைச்சுத்தானே கொடுத்தோம்" என்றார்கள். பணத்தையும் திருப்பித் தரவில்லை. பில், பாட்டில், இரண்டாவது மருத்துவரின் குறிப்பு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். எழுத்தில் புகாரும் கொடுத்துவிட்டோம், இன்னும் பதில் இல்லை.

புது மருத்துவரிடம் போகும் முன் போனில் இரண்டு கேள்வி கேளுங்கள்: அறுவைக்கு முன் முயலைப் பட்டினி போட வேண்டுமா? வாய் வழியாக அமாக்சிசிலின் கொடுப்பீர்களா? எதற்காவது "ஆமாம்" என்றால் அங்கே போக வேண்டாம். பெயர் எழுதாத பாட்டில் இப்போதே உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த வேளை கொடுப்பதற்கு முன் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.