கேஷ் ஆன் டெலிவரியில் வந்த இருபது காசு: ஒரு கேஷியரின் மதிப்புரை

வாங்கியது: 1808-ஆம் வருஷத்து இருபது காசு மதிப்புள்ள செப்பு நாணயம் ஒன்று. விற்றது: பழைய நாணயம் விற்கும் ஓர் இணையக் கடை. பெயர் வேண்டாம், ஆட்கள் நல்லவர்கள்தான். விலை: கூரியரோடு சேர்த்து 2,150 ரூபாய், கேஷ் ஆன் டெலிவரி.

கும்பகோணம் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் 26 வருஷமாகக் கேஷியர் நான். என் கூண்டுக்கு மேலே 'கேஷ்' என்று ஒரு பலகை தொங்குகிறது. "காசு கட்டுற இடம் இதுதானே தம்பி?" என்று கேட்கிற பாட்டிகளிடம் நான் பெருமையாகச் சொல்லுவேன்: "ஆமா ஆச்சி, அந்த இங்கிலீஷ் வார்த்தையே நம்ம காசுதான்." வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு நாலு தடவை வருகிற சேதிதானே. அதற்கு அத்தாட்சியாக ஒன்றைக் கவுண்டர் கண்ணாடிக்குக் கீழே வைக்கலாம் என்றுதான் இதை வாங்கினேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய பத்து ரூபாய் நாணயத்தைவிட ஒரு சுற்றுப் பெரியது. தெரிந்த நகைக்கடைத் தராசில் போட்டதில் ஒன்பது கிராமுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்கின் நிறம், ஆனால் விரலால் தடவினால் ரவை மாதிரி சொரசொரப்பு. அதற்குக் காரணம் உண்டு. பர்மிங்ஹாமில் சோஹோ ஆலையில் அடித்து, மெட்ராஸுக்கு அனுப்ப 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பலில் டன் கணக்கில் ஏற்றிய காசுகளில் இது ஒன்று. 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் தட்டிக் கப்பல் போய்விட்டது. 1980-களில்தான் மூழ்காளிகள் அள்ளி எடுத்தார்கள். ஆக மெட்ராஸுக்கென்று அடித்த சில்லறை, ஒரு கைகூட மாறாமல் 170 வருஷத்துக்கு மேல் கடலடியில் கிடந்து, இப்போது பபிள் கவரில் என் வீட்டுக்கு வந்திருக்கிறது.

ஒரு பக்கம் இரண்டு சிங்கம் தாங்குகிற கேடயம், சுற்றி ஈஸ்ட் இந்தியா கம்பெனி என்று எழுத்து, கீழே வருஷம். மறுபக்கம் அடியில் ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் 'கேஷ்'. அதற்கு மேலே வளைவு வளைவாகப் பாரசீக எழுத்து. தமிழ் ஓரெழுத்துகூட இல்லை, அதில் எனக்கு வருத்தம்தான். கடைத்தெருவில் அத்தர் கடை வைத்திருக்கும் பாயிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துப் படித்தார். "'பிஸ்த் காஸ் சஹார் ஃபுலூஸ் அஸ்த்'னு இருக்கு கேஷியர் சார். இருபது காஸ்னா நாலு ஃபுலூஸ். ஃபுலூஸும் செப்புக் காசுதான்." காஸ்! இங்கிலீஷ்காரன் 'கேஷ்' என்று எழுதிய அதே காசில், பாரசீகத்தில் நம் உச்சரிப்பு அப்படியே இருக்கிறது. இதற்கே 2,150 ரூபாய் சரியாகப் போயிற்று.

குறை, கூட வந்த அட்டையில். வழவழ காகிதத்தில் சான்றிதழ் மாதிரி ஒன்று. 'கேஷ்: பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது' என்று அச்சடித்திருந்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம். நம் காசைக் கொண்டுபோய்ப் பிரெஞ்சுக்காரனுக்கு எழுதிவைக்கிறார்களே என்று ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து தேடினேன். யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்', அதாவது இந்தியாவில் இங்கிலீஷ்காரர்கள் புழங்கிய சொற்களுக்கான அகராதி, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பர்னல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர், நம் ஊர்ப்பக்கத்துச் சொல்லில் கைவைக்க அருகதை உள்ளவர்.

படித்து முடித்தபோது அட்டையும் பாதி தப்பு, நானும் பாதி தப்பு என்று தெரிந்தது. எழுத்துக்கூட்டல் ஒன்றுதான், சொல் இரண்டு.

என் தலைக்கு மேலே தொங்குகிற கேஷ், லத்தீனில் பெட்டி என்று பொருள்படும் 'காப்ஸா'வின் பேத்தி. இத்தாலியனில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கேஸ்', அங்கிருந்து இங்கிலீஷுக்கு. முதலில் பணம் போட்டுவைக்கும் பெட்டி, பிறகு பெட்டிக்குள் இருக்கிற பணம். இதில் நமக்குப் புதுசு ஒன்றுமில்லை. மளிகைக்கடையில் "கல்லா எங்கே?" என்றால் பெட்டி, "இன்னிக்குக் கல்லா எவ்வளவு?" என்றால் பணம். அந்தப் பலகையை நேராகத் தமிழில் எழுதச் சொன்னால் 'கல்லா' என்றுதான் எழுத வேண்டும். இத்தனை வருஷம் ஆச்சிகளிடம் சொன்னதை இனி எப்படித் திருப்பி வாங்குவது என்று தெரியவில்லை.

காசில் இருக்கிற கேஷ் வேறு வம்சம். தமிழ்க் 'காசு' போர்த்துகீசியர் வாயில் 'காய்ஷா' ஆகி, அதுவே இங்கிலீஷில் 'கேஷ்' ஆனது. அந்தச் சொல்லை அவர்கள் அப்படியே கிழக்கே கொண்டுபோனதால், நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக் காசுக்கும் இங்கிலீஷில் இன்றுவரை 'கேஷ்' என்றே பெயர். இதில் வேடிக்கை, போர்த்துகீசிய மொழியில் 'காய்ஷா' என்றால் பெட்டி! அதே காப்ஸாவின் இன்னொரு பேத்தி. கேட்ட தமிழ்ச் சொல்லுக்குத் தன் வீட்டுப் பெட்டியின் பெயரையே சட்டையாக மாட்டியிருக்கிறான். காசுக்கும் பின்னால், பொன் வெள்ளி நிறுக்கும் எடையான சமஸ்கிருதக் 'கர்ஷ'த்தைக் காட்டுகிறது அகராதி. அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. திருவீழிமிழலையில் சம்பந்தர் "வாசி தீரவே காசு நல்குவீர்" என்று ஏழாம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டார், எனக்கு அது போதும். வாசி என்றால் காசு மாற்றும்போது பிடிக்கிற கழிவு. பஞ்சகாலத்தில் தினம் ஒரு காசு கொடுத்த சிவனிடமே கவுண்டரில் நின்று தகராறு செய்த முதல் வாடிக்கையாளர் அவர்தான்.

அப்போதைய மெட்ராஸ் கணக்கையும் போட்டுப் பார்த்தேன், தொழில் புத்தி. 80 காசு ஒரு பணம் (அப்போது அதுவும் ஒரு நாணயம்), 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொன் நாணயம். என்னிடம் இருப்பது மாதிரி 168 கொடுத்தால் ஒரு வராகன். நம் 'பண'மும் அவர்கள் வாயில் 'ஃபனம்' ஆகியிருக்கிறது. சாயந்திரம் இந்தக் கணக்கில் கேஷ் டேலி பண்ணச் சொன்னால் எத்தனை பேர் வேலையில் நிற்பார்களோ. வேலை என்றதும் ஞாபகம் வருகிறது: 'கேஷியர்' என்பதிலும் இரண்டு சொல். நான் கல்லாவிலிருந்து வந்தவன். வினைச்சொல்லாக வருவது டச்சு வழியாக வந்தது, அதற்குப் படையிலிருந்து அவமானப்படுத்தி நீக்குவது என்று பொருள். மேனேஜர் கண்ணில் இது படாமலிருக்க வேண்டும்.

கடைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. காசுக்கு முழுசும் கொடுக்கலாம். பெட்டி கட்டிய விதம் சுமார், பிளாஸ்டிக் உறை மட்டமானது. உறையை மாற்றி வையுங்கள், செப்பு பச்சை பிடிக்கும். அரை மதிப்பெண் அட்டைக்காகக் குறைத்தேன். அட்டையைத் திருத்தச் சொல்லி விலாவாரியாக எழுதினேன். மறுநாளே பதில் வந்தது: "சார், கார்டு எல்லா காயினுக்கும் சேர்த்து மொத்தமா பிரிண்ட் போட்டது. பத்து காசும் ஸ்டாக் வந்திருக்கு, வேணுமா?"

வேணும் என்று சொல்லியிருக்கிறேன். அட்டை வேண்டாம் என்றும்.