அசையாத இதயச் சுவரில் உயிர் இருக்கிறதா: எக்கோ, பெட், எம்.ஆர்.ஐ.

மாரடைப்புக்குப் பின் இதயச் சுவரின் ஒரு பகுதி அசையாமல் கிடந்தால், அது செத்த தசை என்று உடனே முடிவு கட்டக் கூடாது. ரத்தம் போதாமல் வேலையைக் குறைத்துக்கொண்ட தசையும் அப்படித்தான் கிடக்கும். அடைப்பை நீக்கினால் அது மீளக்கூடும், செத்தது மீளாது.

இதைப் பிரித்தறிய டோபுடமைன் எக்கோ மலிவான வழி. இதயத்தைச் சுருங்கத் தூண்டும் டோபுடமைன் மருந்தை ஏற்றிக்கொண்டே எடுக்கும் அல்ட்ராசவுண்ட் இது. குறைந்த அளவு மருந்து ஏறும்போது சுவர் சுருங்கத் தொடங்கினால் அங்கே உயிர் இருக்கிறது. ஆனால் பருமனானவர்களுக்குப் படம் தெளிவாகக் கிடைக்காது. பார்ப்பவரின் தேர்ச்சியும் முக்கியம்.

எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேன், தசை குளுக்கோஸை எடுத்துக்கொள்கிறதா என்று பார்க்கும். நெடுங்காலம் இதுதான் உரைகல். சர்க்கரை நோயாளிகளிடம்தான் சிக்கல்: ரத்தச் சர்க்கரையை இன்சுலினால் சரிப்படுத்தாவிட்டால் படம் மங்கிவிடும். இதய நோயாளிகளில் சர்க்கரை உள்ளவர்கள் கொஞ்சமா! தாலியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி எடுக்கும் ஸ்கேனில் நுணுக்கம் போதாது. உள்ளடுக்கில் இருக்கும் மெல்லிய தழும்பு தப்பிவிடும்.

எம்.ஆர்.ஐ. அந்தத் தழும்பையே காட்டிவிடும். படத்தில் வேறுபாடு தெரிய ஊசியில் ஏற்றும் கடோலினியம் நல்ல செல்லுக்குள் நுழையாது. செல்கள் அழிந்த இடத்தில் தேங்கும். ஊசி போட்டு 10 முதல் 20 நிமிடத்தில் படமெடுத்தால் தழும்பு வெள்ளையாகவும் உயிருள்ள தசை கறுப்பாகவும் தெரியும். சுவரின் தடிமனில் எத்தனை பங்கு போய்விட்டது என்று அளந்தே சொல்லலாம். 2000இல் ரேமண்ட் கிம் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், சரியாகச் சுருங்காவிட்டாலும் தழும்பே இல்லாத பகுதிகளில் 78 சதவீதம் சிகிச்சைக்குப் பின் தேறின. முக்கால் பங்குக்கு மேல் தழும்பிருந்த 58 பகுதிகளில் தேறியது ஒன்றே ஒன்று. மெலிந்துபோன சுவரெல்லாம் செத்த சுவர் என்ற பழைய கணக்கும் எம்.ஆர்.ஐ.யால்தான் உடைந்தது.

சரி, எம்.ஆர்.ஐ. எங்கே தடுமாறும்? தழும்பு பாதியளவை ஒட்டி நிற்கும் இடங்களில். அங்கே டோபுடமைனுக்குத் தசை எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்ப்பதே மேல், அதை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள்ளேயும் செய்யலாம். மாரடைப்பு வந்த முதல் சில நாட்களில் வீக்கத்தால் தழும்பு பெரிதாகத் தெரியும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குக் கடோலினியம் யோசித்தே கொடுக்க வேண்டும்.

2022இல் முடிவு வெளியான பிரிட்டனின் ரிவைவ்ட் சோதனை எல்லோரையும் யோசிக்க வைத்தது. இதயம் பலவீனமாகி, உயிருள்ள தசை இருப்பதாக உறுதிசெய்யப்பட்ட 700 பேரில், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு மரணமோ இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வதோ, மருந்து மட்டும் எடுத்தவர்களைவிடக் குறையவில்லை. தொடர் அலசலில், நோயாளியின் எதிர்காலத்தோடு ஒட்டிவந்தது உயிருள்ள தசையின் அளவு அல்ல, தழும்பின் அளவு. எம்.ஆர்.ஐ. அறிக்கை கையில் இருந்தால், தழும்பு எவ்வளவு, எந்தச் சுவரில் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.