நார் பிய்க்கும் இழைப்புளி: மேல்தகட்டைத் திருத்தலாமா, பின்சரிவு வைக்கலாமா, வாயைக் குறுக்கலாமா?

வேங்கை, வேம்பு, தூங்குமூஞ்சி. இந்த மூன்றில் எதையாவது கையால் இழைத்தவர்களுக்குப் பிரச்சினை என்னவென்று சொல்லவே வேண்டாம். ஒரு சாண் தூரம் வழுவழுவென்று ஓடுகிற இழைப்புளி அடுத்த சாணில் கொத்தாக நாரைப் பிய்த்துவிடும். இந்த மரங்களில் நார் ஒரு பட்டையில் இப்படியும் அடுத்த பட்டையில் அப்படியும் சாய்ந்து பின்னிக் கிடக்கிறது. அதனால் பலகையைத் திருப்பிப் போட்டு இழைத்தாலும் பிய்கிற இடம்தான் மாறும், பிய்ப்பது நிற்காது. 2016 வர்தா புயலில் விழுந்த தெருமரத்தை அறுத்துப் பலகையாக வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் பாடும் இதேதான்.

நான் பேசுவது சாதாரண இரும்பு இழைப்புளியைப் பற்றி. 1869-இல் லெனார்ட் பெய்லியின் தொழிலை ஸ்டான்லி நிறுவனம் வாங்கிய காலத்திலிருந்து பெரிதாக மாறாத அதே அமைப்பு: பிளேடு 45 டிகிரியில் சாய்ந்திருக்கும், அதன் மேல் ஒரு தகடு திருகியிருக்கும் (அதுதான் மேல்தகடு), அடிப்பாகத்தில் பிளேடு எட்டிப்பார்க்கிற திறப்புதான் வாய். சென்னையில் செம்புதாஸ் தெருப் பக்கம் போனால் இதைப் பார்த்து வார்த்த நம் ஊர் நம்பர் 4 அளவு இழைப்புளி கிடைக்கும். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் வேங்கையில் வைத்தால் பிய்க்கத்தான் செய்யும். இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். எல்லாமே ஓரளவு வேலை செய்யும், ஆனால் எதை முதலில் செய்வது என்பதில்தான் எனக்குப் பிடிவாதம்.

அதற்கு முன் பிளேடு கூராக இருக்க வேண்டும், அடிப்பாகம் சமமாக இருக்க வேண்டும். மொட்டை பிளேடை வைத்துக்கொண்டு கோணம் பற்றி யோசிப்பது வீண் வேலை. அடிப்பாகத்தைச் சமப்படுத்த 10 மில்லிமீட்டர் கண்ணாடித் துண்டு, பாலிஷ் போட்ட கிரானைட் துண்டு இரண்டுமே சரிதான். எனக்குக் கிரானைட் பிடிக்கும், கனமாக இருப்பதால் நகராது, கிச்சன் மேடை வேலை நடக்கிற இடத்தில் கேட்டால் வெட்டிப்போட்ட துண்டு சும்மாவே கிடைக்கும். கண்ணாடியென்றால் அடியில் மேடை சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் வளையும். 80 நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டி, பிளேடை உள்ளே இழுத்து ஆனால் இறுக்கியபடியே தேய்க்க வேண்டும். பிளேடைக் கழற்றிவிட்டுத் தேய்த்தால், திரும்ப மாட்டி இறுக்கியதும் அடிப்பாகம் கொஞ்சம் மாறிவிடலாம்.

சரி, இப்போது போட்டிக்கு வருவோம்.

மேல்தகடு. இதைச் சீவலை ஒதுக்கிவிடும் தகடு என்று நினைத்துக்கொண்டு வெட்டுமுனையிலிருந்து ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வைப்பவர்கள்தான் அதிகம். அந்தத் தூரத்தில் அது பிளேடை அழுத்திப் பிடிக்கும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. நார் பிய்வது எப்படியென்றால், சீவல் பிளேடின் மேல் ஏறும்போது தன்னோடு முன்னால் இருக்கிற நாரையும் நெம்பிப் பிளக்கிறது. மேல்தகட்டின் முனை மிக நெருக்கத்தில் இருந்தால், நெம்புவதற்கு முன்பே சீவலை மடக்கிக் கீழே அழுத்திவிடும். ஜப்பானின் யமகாட்டா பல்கலைக்கழகத்தில் கவாய், காட்டோ என்ற இருவர் வெட்டுமுனையில் நடப்பதை நெருக்கத்தில் படமெடுத்திருக்கிறார்கள். 2012 வாக்கில் அந்தப் படம் இணையத்தில் பரவியபோதுதான் பலரும் இந்தத் தகட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

செய்ய வேண்டியது இரண்டு. முதலில், தகட்டின் அடிவிளிம்பு பிளேடோடு இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். இரண்டையும் திருகி டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் கசிந்தால் சீவல் கண்டிப்பாக அதில் போய்ச் சிக்கும். தகட்டின் பின்பக்கத்தைச் சற்றே தாழ்த்திப் பிடித்து அடிவிளிம்பைக் கல்லில் தேய்த்தால் முனை மட்டும் முதலில் தொடும், அதுதான் வேண்டியது. இரண்டாவது, தகட்டு முனையின் முன்பக்கத்தைச் செங்குத்தான சரிவாக்க வேண்டும், பிளேடின் முகத்திலிருந்து 50 டிகிரிக்குக் குறையாமல். அகலம் அரை மில்லிமீட்டர் போதும். பிறகு கடைசி இழைப்புக்கு வெட்டுமுனையிலிருந்து 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் வைத்து இறுக்குங்கள். சாதாரண ஜெராக்ஸ் தாளின் கனமே ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் என்பதால் கண்ணுக்கு ஒரு அளவு கிடைக்கும். சரியாக அமைந்தால் சீவல் சுருளாமல் நேராக மேலே எழும்பி வரும். கசங்கிக் கொசகொசவென்று வந்தால் ரொம்ப நெருங்கிவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள்.

செலவு ஒன்றுமில்லை, பிடிக்காவிட்டால் திருகைத் தளர்த்தினால் பழையபடி ஆகிவிடும். என் ஓட்டு இதற்குத்தான்.

அடுத்தது பின்சரிவு. பிளேடின் தட்டையான முகத்தில், வெட்டுமுனையை ஒட்டி மயிரிழை அகலத்துக்கு 15 டிகிரியில் ஒரு சரிவு வைப்பது. 45-உம் 15-உம் சேர்ந்து மரத்துக்கு 60 டிகிரி பிளேடாகத் தெரியும். தீட்டும் கல்லில் பத்துப் பதினைந்து முறை இழுத்தால் முடிந்தது, மேல்தகட்டோடு மல்லுக்கட்டப் பொறுமையில்லாதவர்களுக்கு இது வரப்பிரசாதம். பின்னிய நாரில் பலனும் உடனே தெரியும். ஆனால் தள்ளுவதற்குக் கனமாகிவிடும், மே மாதத்தில் மொட்டைமாடிக் கொட்டகைக்குள் நின்று ஒரு மேசைப்பலகை முழுக்க 60 டிகிரியில் தள்ளிப் பார்த்தால் தெரியும். அதே பிளேடோடு பைன் மாதிரி மெது மரத்துக்குப் போனால் மேற்பரப்பு மங்கலாக வரும். அப்புறம், வேண்டாமென்று முடிவு செய்தால் அந்தச் சரிவு போகும்வரை பிளேடைத் தேய்த்துக் குறைக்க வேண்டும். கையில் உபரி பிளேடு இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

மூன்றாவது, வாயைக் குறுக்குவது. பழைய நம்பிக்கை இது, மர இழைப்புளிக்கு இன்றைக்கும் சரியான வழி. ஒற்றை பிளேடும் ஆப்பும் மட்டுமே உள்ள மர இழைப்புளியில் மேல்தகடே கிடையாது, அதனால் நாரை அழுத்திப் பிடிக்க வாயின் முன்விளிம்பை விட்டால் வேறு ஆள் இல்லை. தேய்ந்து அகன்ற வாய்க்கு முன்னால் அரை விரற்கடை ஆழத்துக்குக் குடைந்து, கருவேலமோ வேங்கையோ ஒரு துண்டை ஒட்டி, காய்ந்ததும் அடியைச் சமமாக இழைத்துவிட வேண்டும். அவசரத்துக்குப் பிளேடின் பின்னால் அடிப்பக்கமாக அட்டைத் துண்டு செருகினாலும் பிளேடு முன்னால் நகர்ந்து வாய் குறுகும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கட்டை ஊதி அடிப்பாகம் கோணிக்கொள்ளும், அதனால் ஒட்டுகிற வேலையை மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரும்பு இழைப்புளியில் கதை வேறு. பிளேடு சாய்ந்து உட்காரும் கட்டையை முன்னால் நகர்த்தி வாயைக் குறுக்கலாம்தான், ஆனால் பிளேடின் நுனிக்குப் பின்னால் தாங்கல் போய்விடும், மலிவு இழைப்புளியில் தடதடவென்று அதிரும். மேல்தகட்டையும் நெருக்கி வாயையும் குறுக்கினால் சீவல் வெளியே வர வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். இரண்டில் ஒன்றுதான், எனவே தகட்டை நெருக்கிவிட்டு வாயை அகலமாகவே விடுங்கள்.

கனமான பிளேடு வாங்கிப் போடுவது? அதிர்வு குறையும், அவ்வளவே. நாரைப் பிய்ப்பதற்கு அது மருந்தல்ல. வெளிநாட்டு பிளேடின் விலை பல சமயம் இழைப்புளியின் விலையையே தாண்டும், அதோடு வாயையும் அரத்தால் ராவ வேண்டியிருக்கலாம்.

எல்லாம் செய்தும் ஒரு முடிச்சைச் சுற்றி மட்டும் பிய்கிறதென்றால், அங்கே இழைப்புளியை விட்டுவிடலாம். உடைந்த கைரம்பத்திலிருந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு தகடு வெட்டி, ஓரத்தைச் செங்கோணமாக அரம் போட்டுக் கல்லில் வழித்து, ஓட்டை போடும் பிட்டின் வழுவழுப்பான அடித்தண்டால் அழுத்தி இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கொக்கி எழும்பும். அதைக் கட்டைவிரல்களால் லேசாக வளைத்துத் தள்ளினால் எந்தப் பக்கம் சாய்ந்த நாரும் பிய்யாமல் வரும். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் சுடும், அதனால் பலகை முழுக்க இதையே நம்ப முடியாது. கடற்காற்றில் ஓரம் துருப்பிடித்தால் அந்தக் கொக்கிதான் முதலில் போகும், தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி வையுங்கள்.