தூண்டிலுக்கு உயிர் இரை: உரத்தொட்டிப் புழுவா, இறாலா, பொடிமீனா?

சித்திரை மாதத்து மதிய வெயிலில் மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்த மண்புழு கொஞ்ச நேரத்தில் கொழகொழத்துக் குழம்பாகிவிடும். காற்று மோட்டார் இல்லாத வாளியில் நெருக்கமாகப் போட்ட இறால் அதற்கும் முன்பே செத்து மிதக்கும். திருநெல்வேலிச் சீமையில் உயிர் இரை வாங்குகிறவர் மீன் எதைக் கவ்வும் என்று யோசிப்பதற்கு முன், வாங்கிய இடத்திலிருந்து தண்ணீர்க்கரை வரைக்கும் எது உயிரோடு வந்து சேரும் என்று யோசிக்க வேண்டும்.

எந்த மீனுக்கு எந்த இரை என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்ததுதான். கெளுத்தி, ஆரல், உளுவை, சிலேபி எல்லாம் புழுவுக்கு வரும். விலாங்குக்கும் பெரிய கெளுத்திக்கும் இறால் நல்ல இரை. விராலுக்கு நீந்துகிற பொடிமீன். இதில் பெரிய வாதம் எதுவும் இல்லை.

என் தேர்வு உரத்தொட்டிப் புழு, அதிலும் ஆப்பிரிக்க மண்புழு. மண்புழு உரம் தயாரிக்கிற தோட்டங்களில் பொதுவாக இரண்டு வெளிநாட்டுப் புழுக்கள் இருக்கும். உடம்பில் வரிவரியாக மஞ்சளும் சிவப்பும் தெரிகிற குட்டைப் புழு ஒன்று. அதை அழுத்திப் பிடித்தால் மஞ்சள் நீர் கக்கும், வாடையும் அடிக்கும். குளிர்ந்த ஊர்ப் புழு என்பதால் நம் கோடையில் சுணங்கிவிடும். மற்றது முதுகில் ஊதா கலந்த பழுப்பாக, முதிர்ந்தால் முக்கால் சாண் நீளத்துக்கு வரும் ஆப்பிரிக்கப் புழு. 25 முதல் 30 டிகிரி வெப்பம் அதற்குச் சுகம். தூண்டில் முள்ளில் குத்தினாலும் நன்றாக நெளியும். வாங்கும்போது பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, பத்துப் புழுவை உள்ளங்கையில் போட்டுப் பார்ப்பது நல்லது. வரி இருந்தால் வேண்டாம்.

எடை போடுவதற்கு முன் எருவை உதறிவிடச் சொல்லுங்கள். ஈர எருவின் கனத்துக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஆயிரம் புழு நிற்கும். ஒரு ஆளுக்கு கால் கிலோ தாராளம்.

வீட்டில் வைப்பதற்குப் பிளாஸ்டிக் வாளியைவிட மண்தொட்டி எவ்வளவோ மேல். காருகுறிச்சி மண்பாண்டம் மாதிரி, சாயமோ வார்னிஷோ பூசாத வாயகன்ற தொட்டி, 15 லிட்டர் பிடிக்கிற அளவில் ஒன்று போதும். குடிதண்ணீர்ப் பானை குளிர்வதும் இதுவும் ஒரே காரணத்தால்தான்: ஈரம் சுவர் வழியாகக் கசிந்து ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அடியில் ஒரு துளை போட்டு ஓட்டுச்சில்லால் மூடுங்கள். படுக்கைக்குத் தென்னைநார்க் கழிவு மூன்று பங்கு, பழைய மாட்டுச்சாணம் ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு முறையாவது அலச வேண்டும். சாணம் குறைந்தது மூன்று வாரம் ஆறியிருக்க வேண்டும். பச்சைச் சாணம் புளித்துச் சூடாகும், அம்மோனியா கிளம்பும். புதிதாகப் புழு வைப்பவர்களின் தொட்டி ஒரே ராத்திரியில் காலியாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வாழைத்தண்டை விரல் நீளத்துக்கு நறுக்கி மேலே பரப்பினால் ஈரமும் நிற்கும், அதுவே தீனியும் ஆகும்.

ஈரம் சரியா என்று பார்க்க, ஒரு கைப்பிடி படுக்கையை இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் சரி. தண்ணீர் ஒழுகினால் அதிகம். மண்புழு தோலால் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தாலும் சாகும், தண்ணீர் தேங்கிக் காற்று அற்றுப்போனாலும் சாகும். வாரம் ஒருமுறை ஒரு கைப்பிடி அழுகிய வாழைப்பழத்தோல் போதும். எலுமிச்சைத்தோல், எண்ணெய், உப்புச் சேர்ந்த மிச்சச் சோறு எதுவும் வேண்டாம். ஆசைப்பட்டு அதிகமாகப் போட்டால் படுக்கை சூடேறும்.

எறும்பு ஏறாமல் இருக்க, ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதற்குள் செங்கல் வைத்து, தொட்டியை அதன்மேல் ஏற்றுங்கள். எறும்புப் பவுடரைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது, எறும்போடு புழுவும் போகும். புது இடத்துக்கு வந்த முதல் இரண்டு ராத்திரி ஆப்பிரிக்கப் புழு கூட்டமாக வெளியேறப் பார்க்கும், மழை பெய்தால் இன்னும் கூடுதலாக. ஈரக் காடாத்துணியால் வாயைக் கட்டி, மேலே ஒரு சின்ன விளக்கை எரியவிட்டால் வெளிச்சத்துக்குப் பயந்து கீழே இறங்கிவிடும். செத்த புழுவை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள். ஒன்று அழுகினால் அதைச் சுற்றியுள்ளவையும் கெடும்.

இந்தப் பராமரிப்புக்கு ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் ஆகாது. முட்டைக்கூடு இரண்டு வாரத்துக்கு முன்பின்னாகப் பொரியும், குஞ்சு ஒன்றரை மாதத்தில் முதிரும். அதனால் தொட்டி தன்னைத் தானே நிரப்பிக்கொள்கிறது. இறாலோ பொடிமீனோ இதைச் செய்யாது. என் தீர்ப்பு சாய்வது இங்கேதான்.

கரைக்குக் கொண்டுபோக ஓலைக்கொட்டான் போதும். ஈரப்படுக்கையோடு முப்பது நாற்பது புழு போட்டு, மேலே நனைத்த வாழைச்சருகு. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள், எஞ்சின் சூட்டில் வெந்துவிடும். முள்ளை கழுத்துப் பட்டைக்கு (தலைப்பக்கம் தடித்துத் தெரிகிற வளையம்) பக்கத்தில் குத்தி, உடம்பில் இன்னும் இரண்டு இடத்தில் கோத்து, வாலை ஒரு அங்குலம் தொங்க விடுங்கள்.

புழுவின் குறையையும் சொல்ல வேண்டும். அதன் உடம்பு மெத்தென்றது. பகலில் பொடிக்கெண்டைக் கூட்டம் வாலைக் கொத்திக் கொத்தியே முள்ளை வெறுமையாக்கிவிடும். தக்கை துடித்துக்கொண்டே இருக்கும், இழுத்தால் ஒன்றும் இராது. அந்த நேரத்தில் இறால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

வரப்பில் வெட்டியெடுக்கிற நாட்டுப் புழுவுக்குக் காசு கிடையாது. கார், பிசானம் என்கிற இரண்டு நெல் போகத்திலும் ஈரமான வரப்பு, மாட்டுத்தொழுவத்து வாய்க்கால் ஓரம், வாழைத்தோப்பு எங்கும் கிடைக்கும். ஆனால் கால்வாய் அடைத்த பங்குனியிலிருந்து வைகாசி வரை மண் இறுகி, புழு ஆழத்துக்குப் போய்விடும். ஆறு வற்றி மீனெல்லாம் கசத்தில், அதாவது ஆழமான மடுவில், ஒடுங்குகிற காலமும் அதேதான். தேவைப்படும் நேரத்தில் அது கைகொடுக்காது. எடுத்தால் அந்த வயல் மண்ணோடேயே வையுங்கள். குருணை மருந்து போட்ட வாழைத்தோப்பில் வெட்டினால் சுருண்டு கிடக்கிற புழுதான் வரும்.

இறாலுக்கு, ஆற்றில் பிடிப்பவர்களிடம் முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். உடம்பு கண்ணாடி போலத் தெளிந்திருப்பதைப் பொறுக்குங்கள். வாற்சதை பால்போல வெளுத்திருந்தால் அது நிற்காது. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்குக் கரைகிற ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடுகிறது. 20 லிட்டர் வாளியில் நாற்பது சின்ன இறாலுக்கு மேல் வேண்டாம், பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் கட்டாயம். உறைய வைத்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை மூடியோடு மிதக்கவிட்டால் சூடு தணியும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்திருங்கள். தானே சட்டை உரித்த இறாலை மற்றவை தின்றுவிடும், ஒளிந்துகொள்ள ஓலைத்துண்டு போட வேண்டும். சின்னத் தூரத்துக்குத் தண்ணீரே வேண்டாம், நனைத்த சாக்கில் சுற்றி நிழலில் கொண்டுபோனால் வாளியைவிட நன்றாக வரும். வாலில் குத்துங்கள். தலைக்குள் கறுப்பாகத் தெரிகிற இடத்தில் முள் பட்டால் அப்போதே சாகும். ஒரு ராத்திரிக்கு மேல் இறாலை வைத்திருந்த அனுபவம் குறைவு, அதனால் அதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது.

பொடிமீன் விராலுக்கு மட்டும். கெண்டைக்குஞ்சு செதில் உதிர்ந்தால் தேறாது, அதைக் கையால் தொடாமல் சின்ன வலையால் அள்ளுங்கள். அயிரை தண்ணீருக்கு மேலே வந்து காற்றையும் விழுங்கும், அதனால் நெருக்கத்தைத் தாங்கும். ஆனால் சந்தையில் குழம்புக்கு நல்ல விலை போகிற மீனை முள்ளில் மாட்ட மனம் வராது. முதுகுத் துடுப்புக்குக் கீழே, முள்ளந்தண்டுக்கு மேலே மெல்லக் குத்தினால் வெகு நேரம் நீந்தும்.

எந்த இரையானாலும், குளம் மீன்பாசிக் குத்தகையில் இருந்தால் குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அங்கே தூண்டில் எடுத்துப் போகவே கூடாது.

மீந்த புழுவை ஆற்றங்கரையில் கொட்டாதீர்கள். அது வெளிநாட்டுப் புழு, தொட்டிக்கே திரும்பட்டும். வெயிலில் அலைந்து வந்ததை ஒரு நாள் தனி டப்பாவில் வைத்துப் பார்த்து, நன்றாக இருப்பதை மட்டும் சேருங்கள். மீந்த பொடிமீனையும், அதிலும் சிலேபிக் குஞ்சை, வேறு குளத்தில் விடக் கூடாது. ஒரு ஜோடி போதும், குளம் முழுக்க அதுவாகிவிடும்.