காபிப் பை: தாளா, துணியா, சோள இழையா? சில வருடப் பயன்பாட்டுக்குப் பின்

சில வருடங்களாக என் காலைக் காபி பெரும்பாலும் பையில்தான். கொட்டையை நானே அரைத்து, காலிப் பைகளில் நிரப்பி, வெந்நீரில் ஊறவிட்டுக் குடிக்கிறேன். தாள் பை, சோள மாவுச்சத்திலிருந்து செய்த இழைப் பை, நைலான் வலைப் பை, பருத்தித் துணிப் பை, கோப்பை விளிம்பில் மாட்டும் டிரிப் பை என எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியாயிற்று. பொடியும் தண்ணீரும் நேரமும் ஒன்றாகவே இருந்தாலும், பை மாறினால் காபி மாறிவிடுகிறது. அது ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்தக் கம்பெனிப் பை சிறந்தது என்பது என் விஷயம் இல்லை.

முதலில் ஒன்று. காபிப் பையைப் பெரிதாக்கிய தேநீர்ப் பை என்று நினைக்கக்கூடாது. தேநீர்ப் பையில் 2 கிராம் தூள் இருந்தால் ஒரு கோப்பைக்குப் போதும். காபிக்கு 10 கிராமாவது வேண்டும். அந்தப் பொடி தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். புதிதாக வறுத்த கொட்டை என்றால் உள்ளே கரியமில வாயுவும் இருக்கும். வெந்நீர் பட்டதும் அது கிளம்பும். இதற்கு மேல், எவ்வளவு நல்ல கிரைண்டரில் அரைத்தாலும் மாவு போன்ற நுண்துகள் கொஞ்சம் வரத்தான் செய்யும். எடை, வாயு, நுண்துகள் ஆகிய மூன்றையும் பையின் சுவர் தாங்க வேண்டும். தேநீருக்கு வடிவமைத்த பையில் காபி சப்பென்று இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வாயு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நெருக்கமான தாள் நனைந்ததும் அதன் நுண்துளைகளைத் தண்ணீர் அடைத்துக்கொள்கிறது. நீரின் பரப்பு இழுவிசையால் உள்ளிருக்கும் வாயு அந்தத் துளைகள் வழியே எளிதில் வெளியேறாது. பை உப்பி, மேலே மிதக்கும். மிதக்கும் பையில் பாதிப் பொடிக்குத் தண்ணீரே சரியாகப் போய்ச் சேராது. வலைப் பையில் துளைகள் பெரியவை என்பதால் இந்தத் தொல்லை குறைவு. தாள் பை என்றால் நான் கோப்பையில் பையை வைத்து, பொடி நனையும் அளவுக்கு மட்டும் வெந்நீர் ஊற்றி, அரை நிமிடம் விட்டு, கரண்டியால் மெதுவாக அமுக்கிவிட்டு, அதன் பிறகுதான் மீதியை ஊற்றுவேன். இந்த ஒரு பழக்கத்தால் கிடைத்த வித்தியாசம், விலை உயர்ந்த பைக்கு மாறியபோதுகூடக் கிடைக்கவில்லை.

இனி தாள். காபிக்குத் தாள் என்றாலே 1908-இல் டிரெஸ்டன் நகரத்து மெலிட்டா பென்ட்ஸ் தன் மகனின் நோட்டுப் புத்தகத்திலிருந்து மையுறிஞ்சும் தாளைக் கிழித்து, துளையிட்ட பாத்திரத்தில் வைத்து வடித்த கதைதான் நினைவுக்கு வரும். பைக்கான தாள் அதைவிட மெல்லியது. எழுதும் தாள் சதுர மீட்டருக்கு 70, 80 கிராம் இருக்கும். பைத் தாள் 20 கிராம் அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். இவ்வளவு மெல்லிய தாள் வெந்நீரில் கிழியாமல் நிற்பதற்குப் பெரிய காரணம் அபாகா நார். வாழைக் குடும்பத்துச் செடி. பிலிப்பைன்ஸில் அதிகம் விளைகிறது. மரக்கூழ் நாரைவிட இது நீளமானது, ஈரத்திலும் உறுதி குறையாதது. அதனால் துளைகளை அடைக்காமலே தாளுக்கு வலு கிடைக்கிறது. அபாகா கலந்த பையையும் வெறும் மரக்கூழ்ப் பையையும் ஈரத்தோடு கையில் பிடித்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

தாள் பையில் வரும் காபி தெளிவாக இருக்கும். புளிப்பும் மணமும் தனித்தனியாகத் தெரியும். எண்ணெய்ப்பசை பெரும்பாலும் தாளிலேயே தங்கிவிடும். அந்த எண்ணெயோடு சேர்ந்த கஃபெஸ்டால், காவியோல் என்னும் பொருள்கள் கெட்ட கொழுப்பைக் கூட்டக்கூடியவை என்று 1990-களிலேயே ஆய்வுகள் காட்டிவிட்டன. தாளில் வடித்தால் அவை வெகுவாகக் குறைந்துவிடும். தினமும் பல கோப்பை குடிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. என் வீட்டில் கொலஸ்ட்ரால் பார்த்துக்கொள்ள வேண்டியவருக்குத் தாள் பையில் மட்டும்தான் காபி போடுகிறேன்.

குறை என்று பார்த்தால், பழுப்புத் தாளில் அட்டைப்பெட்டி வாடை. ஆக்சிஜன் முறையில் வெளுத்த வெள்ளைத் தாளில் அது மிகக் குறைவு. பழுப்பு நிறம் என்றால் இயற்கையானது, வெள்ளை என்றால் ரசாயனம் என்று பலர் நினைக்கிறார்கள். ருசியை வைத்துப் பார்த்தால் என் ஓட்டு வெள்ளைக்கே. அப்புறம், ‘தாள் பை’ என்று எழுதியிருப்பதெல்லாம் முழுத் தாளாக இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். சூட்டில் ஒட்டும் பைகளில் ஓரம் ஒட்டுவதற்காகவே பிளாஸ்டிக் இழை கலந்திருக்கும். மடித்து நூலால் கட்டும் பையிலோ தையல் போட்ட பையிலோ அது தேவைப்படாது.

தாளில் அடுத்த பிரச்சினை அடைப்பு. காபி தண்ணியாக இருந்தால் இன்னும் நைஸாக அரைக்கலாமே என்று தோன்றும். பையில் அது எதிராகத்தான் வேலை செய்யும். நுண்துகள்கள் சுவரோரம் போய்ப் படிந்து துளைகளை மூடிவிடும். ஓரத்தில் இருக்கும் பொடி அளவுக்கு மீறி ஊறிக் கசக்கும். நடுவில் இருப்பது சரியாக ஊறாமலே கிடக்கும். ஒரே வாயில் கசப்பும் தண்ணித்தன்மையும் சேர்ந்து வந்தால் இதுதான் காரணம். கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்து, மாவுச் சல்லடையில் ஒருமுறை சலித்து நுண்துகளை நீக்கி, பையில் பாதிக்கு மேல் நிரப்பாமல் விட்டால் காபி சட்டென்று தேறிவிடும். பையைக் கடைசி ஒரு நிமிடம் மேலும் கீழும் அசைக்கவும் வேண்டும். மேலிருந்து ஊற்றி வடிக்கும்போது தண்ணீர் தன் எடையால் பொடிக்குள் இறங்குகிறது. ஊறும் பையில் அப்படித் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை, நம் கைதான்.

சோள இழைப் பைக்கு வருகிறேன். பாலிலாக்டிக் அமிலம் என்ற பிளாஸ்டிக்கை இழையாக்கி, நெய்யாமல் ஒட்டிச் செய்த துணி இது. வாயு எளிதாக வெளியேறுகிறது, அடைப்பு குறைவு, எண்ணெயும் ஓரளவு இறங்குவதால் காபிக்கு ஒரு கனம் வருகிறது. பால் சேர்த்துக் குடிப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அடியில் கொஞ்சம் மண்டி நிற்கும். கடைசி வாயை விட்டுவிட்டால் போதும்.

இந்த இழை ஏறக்குறைய 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். உருகுவதற்கு 150 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் வெந்நீரில் கரைந்துவிடாது. ஆனால் சூடாக இருக்கும்போது பிழிந்தால் துணி நீளும், ஓரத்து ஒட்டு விடும். ஆறிய பிறகு பிழிவதும் நல்லதல்ல, கசப்பும் மண்டியும்தான் இறங்கும். தூக்கிப் பிடித்துச் சொட்டவிட்டாலே போதும்.

‘மக்கும்’ என்று இந்தப் பைகளின் மேல் பெரிதாக அச்சிடுகிறார்கள். அதில் எனக்கு மனக்குறை உண்டு. இந்தப் பிளாஸ்டிக் மக்குவதற்கு 60 டிகிரியை ஒட்டிய சூடும் ஈரமும் தொடர்ந்து இருக்க வேண்டும். அது பெரிய உரக் கிடங்குகளில் கிடைக்கும், வீட்டுத் தொட்டியில் கிடைக்காது. என் உரத் தொட்டியில் பல மாதம் கழித்துக் கிளறிப் பார்த்தபோது பொடி மண்ணோடு மண்ணாகியிருந்தது, பை அப்படியே இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல் கொண்டுவந்த பேக்கேஜிங் சட்டப்படி, 2028 முதல் தேநீர், காபிப் பைகள் உரக் கிடங்கில் மக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். சட்டம் சொல்லும் உரக் கிடங்கு நம் பகுதியில் இருக்கிறதா, குப்பை அங்கே போய்ச் சேருகிறதா என்பதையும் பார்க்காமல் அந்த ஒரு சொல்லை நம்பி வாங்குவது சரியில்லை. வீட்டிலேயே உரம் போடுபவர்களுக்கு, ஒட்டு இல்லாத தாளோ பருத்தியோதான் பொருத்தம்.

நைலான், பாலியெஸ்டர் வலைப் பைகளில் காபி நன்றாகவே இறங்குகிறது. ஆனால் சூடான காபிக்கு அவற்றை நான் விட்டுவிட்டேன். 2019-இல் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 95 டிகிரி நீரில் ஒரு பிளாஸ்டிக் தேநீர்ப் பை சுமார் 1,160 கோடி மைக்ரோபிளாஸ்டிக் துகள்களை, அதாவது மிக நுண்ணிய பிளாஸ்டிக் துணுக்குகளை, விடுகிறது என்று எழுதினார்கள். அந்த எண்ணிக்கை சரியல்ல என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்ததும் உண்டு. எண்ணிக்கை எதுவானாலும், வேறு வழி இருக்கும்போது கொதிநீரில் நைலானை முக்குவதற்கு எனக்கு மனம் வரவில்லை. குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைக்கும் காபிக்குப் பெரிய வலைப் பை இன்னும் என்னிடம் இருக்கிறது.

பருத்திப் பை பொறுமைசாலிகளுக்கு. புதுத் துணியை முதலில் நன்றாகக் கொதிக்கவைத்துக் கஞ்சியைப் போக்க வேண்டும். சோப்பு கூடாது. பயன்படுத்தியதும் வெந்நீரில் அலசி, தண்ணீரில் மூழ்கவைத்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். காயவிட்டால் இழையில் தங்கிய எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கும், அது அடுத்த காபியில் தெரியும். இவ்வளவும் செய்தால் தாளின் தெளிவும் இழைப் பையின் கனமும் சேர்ந்த காபி கிடைக்கும். நான் குடித்ததில் மிகச் சிறந்தவை துணியில் வந்தவைதான். தினமும் முடியாது, விடுமுறை நாளுக்குச் சரி.

டிரிப் பையைப் பயணத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். ஊற்றி வடிப்பதால் ருசி நன்றாக இருக்கும். கோப்பை உயரம் குறைவாக இருந்தால் பையின் அடி காபியில் மூழ்கி, வடிவது நின்றுபோகும். உயரமான கோப்பை தேவை.

இப்போது அன்றாடத்துக்கு என் தேர்வு அபாகா கலந்த வெள்ளைத் தாள் பை, நூலால் இழுத்துக் கட்டும் வகை, வாங்கக்கூடியதில் பெரிய அளவு. பை செய்பவர்கள் துளை அளவைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். எத்தனை கிராம் பொடிக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், ஓரத்தை எதைக் கொண்டு ஒட்டினார்கள் என்ற இரண்டையும் உறையிலேயே அச்சிட்டால், வாங்குபவருக்குத் துளை அளவைவிட அது அதிகம் உதவும்.